ஒன்பதாம் ரூம் வேல்விழி

நம் ஊர் ஜனத்துக்கு வைத்தியம் என்றால் அது சீட்டில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னதெல்லாம் வைத்தியக் கணக்கில் வராது. "உப்பைக் கொறைங்க, தெனம் கொஞ்சம் நடங்க" என்று டாக்டர் தொண்டை கிழியச் சொன்னாலும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, "என்னா டாக்டரு இவரு, ஒரு ஊசிகூடப் போடல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பஸ் ஏறுவோம். அதே டாக்டர் ஓபி சீட்டில் இரண்டு வரி கிறுக்கிவிட்டால் போதும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் போய் நின்று, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று அவ்வளவு பயபக்தியோடு கேட்போம். இப்படிப்பட்ட ஊரில், மாத்திரையும் இல்லாமல் ஊசியும் இல்லாமல், உட்கார்ந்து மூச்சு விடச் சொல்லி வைத்தியம் பார்க்க வந்தவள் வேல்விழி. அந்தத் துணிச்சலை முதலில் மெச்ச வேண்டும்.

விருத்தாசலத்தின் ஓரத்தில், பீங்கான் பட்டறைகளைத் தாண்டினால் ஓர் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. எது என்று பெயர் சொல்ல மாட்டேன், யாராவது போய் நச்சரிப்பீர்கள். அங்கே ஒன்பதாம் நம்பர் அறை என்பது உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கிற இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் கதவில் யோகா சிகிச்சைப் பிரிவு என்று ஒரு போர்டை மாட்டி, வேல்விழியை ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தார்கள். போர்டு மாட்டியவர்கள் கட்டில்களை எடுக்க மறந்துவிட்டார்கள். முதல் நாள் வந்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். மருந்து கொடுக்கிற ஜெயராஜ் எட்டிப் பார்த்தார்.

"யோகா டீச்சரு வராங்கன்னாங்க. நீங்க யாரு, கட்டில் எடுக்க வந்தவங்களா?"

"ரெண்டும் நான்தாங்க. அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க."

ஜெயராஜ் பிடித்தார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம் இன்றுவரை இருக்கிறது.

வேல்விழிக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் சொந்த ஊர். அப்பா ராஜமாணிக்கத்துக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும்தான் உலகம். பள்ளிக்கூடத்தில் அவள் வாலிபால் ஆடினாள், கல்யாணத்துக்கு அப்புறம் தபாலில் யோகா படித்தாள். ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருஷம் யோகா டீச்சர். அங்கே யோகா என்றால் ஆண்டு விழா மேடையில் பிள்ளைகளை ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏற்றிக் கோபுரம் கட்டுவது. மூன்றாவது வருஷம் உச்சியில் நின்ற பிள்ளை விழுந்து மணிக்கட்டு உடைந்தது. "இது யோகா இல்லீங்க, சர்க்கஸு. எனக்குக் கூடாரம் கட்டத் தெரியாது" என்று தலைமை ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் வாய் அப்படி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவள் விஷயத்தில் வேலைதான் போனது.

அவள் வீட்டுக்காரர் பழமலைநாதன், விருத்தாசலம் ஸ்ரீமுஷ்ணம் தடத்தில் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாள் பூராவும் ஆடுகிற வண்டியில் நின்று நின்று இடுப்பு போன மனுஷன். வேல்விழியின் முதல் நோயாளி அவர்தான். ஆறு மாசத்தில் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. "பாதிதானா?" என்று யாராவது கேட்டால், "பாதிதாங்க. மீதி பாதி ரோட்டுல இருக்குது. அதை நான் சரி பண்ண முடியாது" என்பாள். இந்தப் பதிலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். அவள் எப்படிப்பட்டவள் என்பது அதில் இருக்கிறது.

ஒன்பதாம் அறைக்கு முதல் மாசம் யாரும் வரவில்லை. வந்த பெண்களும் பாயைப் பார்த்ததும் வாசலோடு நின்றார்கள். புடவையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் நாலு பேர் நடமாடுகிற இடத்தில் மல்லாந்து படுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அவள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சிலேயே வைத்தியத்தை ஆரம்பித்தாள். உட்கார்ந்தபடி கணுக்கால் சுற்றுவது, முதுகைத் திருப்புவது, மூச்சை மெதுவாக விடுவது. சமஸ்கிருதப் பெயர்களைக் கட்டிப் பரணில் போட்டாள். ஒரு மூக்கை மூடி மறு மூக்கில் விடுகிற மூச்சுக்கு ஜன்னல் மூச்சு என்று பெயர். ரீங்காரமாக விடுவது வண்டு மூச்சு. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "ஓம் சொல்லணுமாங்க?" என்று தயங்கினாள். "எதுக்கு? ம்முன்னு சொல்லு போதும். நெஞ்சுக்கூடு அதிரணும், அவ்வளவுதான் வேணும்" என்றாள் வேல்விழி.

நீலாவதி என்று சர்க்கரை நோய்க்காரம்மா ஒருத்தர். இரண்டு மாசம் வந்துவிட்டு ஒரு நாள் பெருமையாக, "மாத்திரையை நிறுத்திட்டேன் டீச்சர். எல்லாம் உங்க புண்ணியம்" என்றார். வேல்விழிக்கு வந்ததே கோபம்! "யாரு நிறுத்தச் சொன்னது? நான் சொன்னேனா? நாளைக்கு மயக்கம் போட்டு வுழுந்தா என் புண்ணியமா வந்து தூக்கும்?" என்று கையைப் பிடித்து டாக்டர் முன்னால் கொண்டு போய் நிறுத்தினாள்.

டாக்டர் கோகுலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்கிற மனுஷர், டீயைச் சூடாகக் குடித்து வருஷக்கணக்காகிறது. ஆனால் யோகா என்றால் அவருக்கு ஒரு இளக்காரம். மூச்சுப் பயிற்சியால் எல்லா நோயும் ஓடும் என்று போனில் வருகிற செய்திகளைப் படித்துப் படித்து வெறுத்துப் போனவர். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, காரணம் தெரியாத உடம்பு வலி என்று யாராவது வந்தால், "அப்படியே ஒம்பதாம் ரூமுல கையைக் காலை ஆட்டிட்டுப் போங்க" என்று வாயால் சொல்லுவார். பத்தில் எட்டுப் பேர் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போவார்கள்.

ஒரு நாள் அவள் கேட்டேவிட்டாள். "சார், சீட்டுல ஒரு வரி எழுதிக் குடுங்க சார். ஒம்பதாம் ரூமுன்னு. நீங்க எழுதினா வருவாங்க."

"மருந்துன்னா டோஸு போடலாம். இதுக்கு என்னான்னு மேடம் எழுதறது?" என்று சிரித்தார். "பக்கவிளைவே கெடையாதுன்றீங்க. கெடுதலே பண்ணாத மருந்து நல்லதும் பண்ணாதுன்னு எங்க புரொபசரு சொல்லுவாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அந்த ஒரு வரிதான் அவளுக்கு ஏக்கம்.

போன மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. பங்குனி மாசம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள், தினமும் இருபது பேராவது வராத பிரிவுகளை மூடுவார்கள். ஒன்பதாம் அறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஏழு பேர், கூடிப்போனால் எட்டு. ஜெயராஜ் கடிதத்தைப் படித்துவிட்டு, "மறுபடியும் கட்டில் தூக்கணும் போல இருக்குது டீச்சர்" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் ராஜாங்கம். ஐம்பது வயது. பீங்கான் பொம்மை செய்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக மாவு அரைக்கிற வேலை. வெள்ளைக் கல்லும் வெள்ளைக் களிமண்ணும் அரைத்துப் பொடியாக்குவதை அங்கே மாவு என்றுதான் சொல்வார்கள். புருவத்தில்கூட அந்த வெள்ளை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். டாக்டர் மருந்து எழுதி, எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று ராஜாங்கம் எக்ஸ்ரேவுக்குப் போகவில்லை. ஒன்பதாம் அறைக்கு மட்டும் வேலை முடிந்து வந்தார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டிப் பழகியதும் படபடப்பு குறைந்து நன்றாகத் தூங்கினார்.

"நெஞ்சுல உக்காந்திருந்த ஆளு எந்திரிச்சு போன மாதிரி இருக்குது டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். பொம்மைகளின் பிசிறு சீவுகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி தனக்கோடி என்று ஒருத்தி. எட்டு மணி நேரம் குனிந்தே இருப்பதால் கழுத்து பிடித்துக்கொண்டவள். அவள் நேரே வந்து, "எங்க பட்டறைக்கே வந்து சொல்லிக் குடுங்க டீச்சர். டீ டைமுல கால் மணி நேரம். ஓனருகிட்ட நான் பேசிட்டேன்" என்றாள். ஓனர் செந்தமிழனும், காசா பணமா என்று ஒத்துக்கொண்டார்.

வேல்விழி இரண்டு நாள் போய்ப் பட்டறை வாசலில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். கிளம்பும்போது, "தெனம் காத்து அடிக்காத, சத்தமில்லாத எடமாப் பாத்து உக்காந்து செய்யுங்க" என்றாள். எல்லா யோகா டீச்சர்களும் சொல்லுகிற வார்த்தைதான். அதற்கப்புறம் தனக்கோடி தினமும் போனில் கணக்குச் சொன்னாள். "இன்னைக்கு நாப்பது டீச்சர்." "இன்னைக்கு நாப்பத்து மூணு." வேல்விழி பதிவேட்டில் ஏற்றினாள். ஏழு ஐம்பதானது. டாக்டர்கூடப் புருவத்தைத் தூக்கினார். ராஜாங்கத்தின் எக்ஸ்ரே அவளுக்கு அவ்வப்போது ஞாபகம் வரும். நல்லாத்தானே இருக்கிறார், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். கெட்டிக்காரிக்கும் ஒரு இடத்தில் கண் மறைக்கும் அல்லவா?

ஆய்வுக்கு நாலு நாள் இருந்தது. வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு போட்டோ இருந்தால் நல்லது என்று வியாழக்கிழமை பத்தரை மணிக்குப் பட்டறைக்குப் போனாள். வேப்பமரத்தடியில் ஒரு ஆள் இல்லை. வாட்ச்மேன் உள்ளே கை காட்டினார். "அல்லாரும் மாவு ரூமுல மூச்சு வுட்டுக்கிட்டு இருக்காங்க."

கதவைத் திறந்தாள். நாற்பத்து மூன்று பேர் மாவு மூட்டைகள் மேல் வரிசையாக, கண்ணை மூடி, முதுகை நேராக நிமிர்த்தி, அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினாள். ஜன்னல் பிளாஸ்டிக்கில் ஒரு கிழிசல், அதன் வழியாக ஒரு கோடு வெயில். அந்த வெயிலில் வெள்ளை மாவு பொங்கிப் பொங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. தனக்கோடி, "இழுங்க" என்றாள். நாற்பத்து மூன்று நெஞ்சும் ஒரே நேரத்தில் விரிந்தன.

வேல்விழி போனைக் கீழே இறக்கினாள். "இழுக்காதீங்க!" என்று கத்தினாள். "யாரும் மூச்சை இழுக்காதீங்க! எந்திரிங்க! வெளிய வாங்க எல்லாரும்!"

யோகா டீச்சர் வந்து மூச்சு விடாதே என்று கத்தினால் யாருக்குப் புரியும்? முழித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"இங்க எதுக்கு வந்து உக்காந்தீங்க? மரத்தடியிலதானே சொல்லிக் குடுத்தேன்?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, காத்து அடிக்காத, சத்தமில்லாத எடம்னு" என்றாள் தனக்கோடி. அவளுக்கும் ரோஷம். "மரத்தடியில காத்து அடிக்குது, லாரி சத்தம் வேற. பட்டறை பூரா தேடினோம். மாவு பறந்துடக் கூடாதுன்னு இங்கதான் ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக்கு கட்டியிருக்குது. ஒரு பொட்டு காத்து வராது."

"மூட்டை மேல உக்காந்தா முதுகு கம்பி மாதிரி நிக்குது டீச்சரம்மா" என்றார் ராஜாங்கம். "நான் மத்தியானமும் ஒரு தடவ தனியா வந்து செய்யறேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிள்ளையார் பொம்மை செய்கிற பட்டறையிலேயே அது அவளுக்கு நடந்தது.

"நாள் பூரா இந்த மாவைத்தான டீச்சர் திங்கறோம்? கால் மணி நேரத்துல என்னா ஆயிடப் போவுது?" என்று தனக்கோடி சமாதானம் சொன்னாள்.

"வேலை செய்யறப்ப மேலாப்புல மூச்சு வுடுவீங்க. நான் கத்துக் குடுத்தது அடி நெஞ்சு வரைக்கும் இழுக்கறதுக்கு. அடி வரைக்கும் மாவை இழுத்துக்கச் சொல்லி நான்தான் கத்துக் குடுத்திருக்கேன்" என்றாள் வேல்விழி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனது பழமலைநாதன் பஸ்ஸில். முன் சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட் போட்டுவிட்டு அவர் வந்து நிற்கிற இடைவெளிகளில் துண்டு துண்டாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"நிறுத்தச் சொல்லிட்ட இல்ல? அப்பறம் என்னா?" என்றார். "ஆபீசருங்க வந்துட்டுப் போவட்டும் விழி. நாலு நாள் கழிச்சு எழுதிக்கலாம்."

"இப்ப எழுதலேன்னா நாப்பத்து மூணு பேருக்கு எக்ஸ்ரே யாருங்க எடுப்பா? சும்மா எடுங்கன்னா எடுப்பாங்களா? ஏன்னு கேப்பாங்க. ஏன்னா இதனாலன்னு நான் சொல்லணும் இல்ல?"

"எழுதினா ரூமை மூடிடுவாங்களே."

"மூடுவாங்க."

அவர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, நாலு பேரை இறக்கி, நாலு பேரை ஏற்றி, டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "எழுது. மூடினா மூடட்டும். என் இடுப்புதான் சரியா இருக்குதே, நான் இன்னொரு ட்ரிப்பு சேத்து ஓடறேன்" என்றார். பஸ்ஸில் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓபி ஆரம்பிக்கும் முன் பதிவேட்டைத் திறந்து எழுதினாள். "பட்டறைப் பயிற்சி இன்று முதல் நிறுத்தம். இரண்டு மாதமாக 43 பேர் மாவுத் தூசி நிறைந்த மூடிய அறையில் ஆழ்ந்த மூச்சு எடுத்துள்ளனர். காற்று அடிக்காத இடத்தில் செய்யச் சொன்னது நான். இடத்தைப் பார்க்காமல் இருந்ததும் நான். அனைவருக்கும் எக்ஸ்ரே தேவை." கீழே கையெழுத்துப் போட்டு டாக்டர் மேஜையில் வைத்தாள்.

கோகுலகிருஷ்ணன் ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இதை எழுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா மேடம்?"

"இல்ல சார்."

"திங்கக்கிழமை வரவங்க இந்தப் பதிவேட்டைத்தான் மொதல்ல பாப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார். ரூமு போனா போவட்டும் சார், அவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்துடுங்க சார்" என்று சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. இரண்டு வருஷத்தில் அவர் முன்னால் அவள் அழுதது அந்த ஒரு நாள்தான். அவர் போனை எடுத்துக் காசநோய்ப் பிரிவின் எக்ஸ்ரே வண்டியைக் கூப்பிட்டார்.

வண்டி சனிக்கிழமை பட்டறை வாசலுக்கே வந்தது. செந்தமிழன் குதித்தார். "மூச்சுப் பயிற்சின்னு சொல்லித்தான உள்ள வந்தீங்க? இப்ப எக்ஸ்ரே வண்டியக் கொண்டாந்து நிறுத்தறீங்களே, ஊரு என்னா பேசும்?"

"நீங்களும் முப்பது வருஷமா இந்த மாவுலதான் நிக்கறீங்க. ஊரு பேசறது இருக்கட்டும், நீங்களும் ஒரு படம் எடுத்துக்குங்க" என்றாள் அவள்.

முறைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மனுஷர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் வரிசையில் நின்ற அந்த இருபது நிமிஷம் அவருக்கு வேலை செய்தது. மறு வாரமே மாவு அரைக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்க ஆள் போட்டார், நல்ல மூக்கு மறைப்பு வாங்கினார், மூச்சுப் பயிற்சியை வேலை தொடங்குவதற்கு முன்னால் வேப்பமரத்தடியிலேயே செய்யச் சொன்னார்.

ஆறு பேருக்கு நெஞ்சில் தூசி படிந்திருந்தது. ராஜாங்கத்துக்குத்தான் அதிகம். "இது ரெண்டு மாசத்துல வர்றது இல்ல. இருபது வருஷத்துச் சமாச்சாரம்" என்று டாக்டர் வேல்விழியைப் பார்த்துத்தான் சொன்னார். மூச்சு நல்லா இருக்கு என்று நினைத்துக்கொண்டே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றும் சொன்னார்.

ராஜாங்கம் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க மூச்சுப் பயிற்சியை விடாம செய்யறேன் டீச்சரம்மா. சரியாப் பூடுமில்ல?"

பூடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் முகம் அதைத்தான் கேட்டது. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போவாதுண்ணே. படிஞ்சது படிஞ்சதுதான். பொய் சொல்ல மாட்டேன். மாவு வேலையை வுட்டுட்டு, டாக்டரு சொல்ற மருந்தை எடுத்துக்கிட்டா மேல படியாம பாத்துக்கலாம். இருக்கற மூச்சை நல்லா வச்சிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன்."

"இருக்கறது போதும்மா" என்றார் ராஜாங்கம். செந்தமிழன் அவரைப் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் பக்கம் மாற்றினார்.

திங்கட்கிழமை ஆய்வுக்கு வந்த அம்மா பதிவேட்டைப் புரட்டினார். "போன வாரம் அம்பது பேரு. வெள்ளிக்கிழமை ஏழு. என்ன ஆச்சு?" வேல்விழி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அவர் படித்துக்கொண்டிருக்கும்போது கோகுலகிருஷ்ணன் ஓபி வரிசையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அப்படி அவர் எழுந்து வந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"மேடம், இது மருந்துதானான்னு ரெண்டு வருஷமா எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. தப்பான எடத்துல எடுத்தா கெடுதல் பண்ணும்னு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. அப்ப இதுக்கும் அளவு இருக்குது, எடம் இருக்குது. அந்த ஆறு பேரு இவங்க எழுதினதாலதான் எனக்குக் கெடைச்சாங்க. இந்த ரூமு எனக்கு வேணும்" என்றார்.

அந்த அம்மா குறித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு வருஷம் நீட்டித்துக் கடிதம் வந்தது. ஜெயராஜ் கேக் வாங்கி வந்தார். வேல்விழி சிரித்தாள், சாப்பிட்டாள். ஆனால் அவளைக் கேட்டால் அந்த நாளைப் பெரிதாகச் சொல்ல மாட்டாள். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்லுவாள்.

அன்று காலை ராஜாங்கம் ஓபி சீட்டோடு ஒன்பதாம் அறைக்கு வந்தார். கையில் ஒரு மாத்திரை அட்டை, உறிஞ்சுகிற மருந்து ஒன்று. "மருந்துக்காரரு ரெண்டுதான் குடுத்தாரு டீச்சரம்மா. மூணாவது அவருகிட்ட கெடையாதாம். உங்ககிட்டதான் இருக்குதுன்னு அனுப்பி வச்சாரு."

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது வரி இருந்தது. ஆனால் டாக்டர் கையெழுத்தைப் படிக்க டாக்டர் வீட்டிலேயே ஆள் கிடையாது. இரண்டு வருஷம் காத்திருந்த வரி கைக்கு வந்தும் அவளால் படிக்க முடியவில்லை. சீட்டைத் தூக்கிக்கொண்டு ஜெயராஜின் ஜன்னலுக்கு ஓடினாள்.

ஜெயராஜ் ஒன்றும் தெரியாதவர் போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "ஒம்பதாம் ரூம். மெதுவா மூச்சு விடறது. பத்து நிமிஷம், தெனம் ரெண்டு வேளை. தூசி இல்லாத எடத்துல மட்டும்." அப்புறம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "டோஸு போட்டிருக்காரு டீச்சர்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது ராஜாங்கம் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, கை இரண்டும் முட்டி மேல். இத்தனை மாசமாக அவளிடம் பயிற்சி செய்தவர், அவளை இன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவர் போல, மருந்து ஜன்னலில் காட்டுகிற அந்தப் பயபக்தியோடு கேட்டார்.

"டீச்சரம்மா, இதை சாப்பாட்டுக்கு முன்னாடி எடுக்கணுமா, பின்னாடியா?"

"முன்னாடிண்ணே" என்றாள் வேல்விழி. "சாப்பாட்டுக்கு முன்னாடி."